ஆண்டர்சன்பேட்டையில் இரண்டு வார ஆங்கிலம்

கோலார் தங்கவயலில் இரண்டு பேட்டைகள் உண்டு என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. ராபர்ட்சன்பேட்டை ஒன்று, ஆண்டர்சன்பேட்டை இன்னொன்று. பேருந்து நடத்துநரிடம் "பேட்டை வந்தா சொல்லுங்க" என்று சொல்லி வைத்திருந்தேன். அவர் கன்னடத்தில் ஏதோ திருப்பிக் கேட்டார். எந்தப் பேட்டை என்றுதான் கேட்டிருப்பார். நான் எல்லாம் புரிந்தவள் போலத் தலையாட்டினேன். ராபர்ட்சன்பேட்டையில் என்னையும் என் பெட்டியையும் இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

அங்கிருந்து ஷேர் ஆட்டோ. ஓட்டுநர் தமிழர். "இன்னாம்மா, ஆண்டர்சன்பேட்டைக்குப் போறவங்க இங்க எறங்குவாங்களா?" என்றார். ஏற்கெனவே நிறைந்திருந்த ஆட்டோவில் எனக்கும் பெட்டிக்கும் இடம் செய்தார்கள். பெட்டிக்குக் கிடைத்தது தரை. எனக்குக் கிடைத்தது பாதி இருக்கையும், மடியில் ஒரு கூடை மாம்பழமும். கூடை யாருடையது என்று இறங்கும்வரை தெரியவில்லை. சாலைக்கு அந்தப் பக்கம் சாம்பல் நிறத்தில் தட்டையான மலைகள் வந்துகொண்டே இருந்தன. புல் கிடையாது, மரம் கிடையாது. "அது மலை இல்லம்மா. தங்கம் எடுத்துட்டுக் கொட்டின மண்ணு. சயனைடு மண்ணு" என்றாள் பக்கத்தில் இருந்த பெண். காற்று அடித்தபோது எல்லோரும் ஒரே நேரத்தில் முந்தானையாலும் கைக்குட்டையாலும் மூக்கை மூடிக்கொண்டார்கள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லாததால் வாய் முழுக்க மண்.

இரண்டாயிரத்து ஒன்று, மே மாதம். சுரங்கத்தை மூடிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. நான் திருச்சியில் ஒரு பள்ளியில் முதல் வகுப்புக் குழந்தைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருபவள். ஆண்டர்சன்பேட்டையில் இருந்த ஒரு சிறிய தமிழ்வழிப் பள்ளி, வரும் ஜூனில் ஆங்கிலவழிப் பிரிவு தொடங்கப் போவதாகவும், அதற்கு முன்னால் இரண்டு வாரம் கோடை வகுப்பு எடுக்க ஆள் வேண்டும் என்றும் தெரிந்தவர் ஒருவர் மூலம் கேட்டிருந்தார்கள். வகுப்பு முடிவில் பெற்றோருக்கு ஒரு நிகழ்ச்சி. கேட்டவுடன் ஒத்துக்கொண்டேன். மாநிலம் தாண்டி நான் வேலைக்குப் போனது அதுவே முதல் தடவை. என் தாய்மொழியே பேசும் ஊர், ஆனால் கன்னடத்தில் எழுதிய கடைப் பலகை ஒன்றுகூடப் படிக்கத் தெரியாது. வெளிநாடு போனால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

தங்குவதற்கு ஸ்கெலட்டன் பகுதியில், லைன் வீடுகள் என்று சொல்கிற சுரங்கத் தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில் ஏற்பாடு செய்திருந்தார்கள். வீட்டுக்காரி கஸ்தூரி. அவள் கணவர் செல்வராஜ் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். இப்போது விடிவதற்குள் ரயில் பிடித்து பெங்களூரு போய் ஒரு கட்டடத்தின் வாசலில் காவலுக்கு நிற்கிறார். கஸ்தூரி, பெரிய தொழிற்சாலை ஒன்றின் அதிகாரிகள் காலனியில் வீட்டுவேலைக்குப் போகிறாள். ஒரே மகள் அனிதா. ஆறு வயது. என் வகுப்பில் சேர்த்திருந்தார்கள்.

முதல் இரவுச் சாப்பாடு களியும் கருவாட்டுக் குழம்பும். திருச்சியில் களி என்றால் ஜெயிலில் போடுவது என்று நினைத்திருந்த நான், எப்படிச் சாப்பிடுவது என்று தெரியாமல் மென்றேன். அனிதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "மெல்லக்கூடாது டீச்சர். முழுங்கணும். தோ, இப்படி" என்று உருட்டி, குழம்பில் தோய்த்து, விழுங்கிக் காட்டினாள். மூன்றாவது உருண்டையில் எனக்குப் பிடிபட்டது.

மறுநாள் வகுப்பு. ஒரே அறை, ஓட்டுக் கூரை, தரையில் பாய். முதல் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் போகிற பிள்ளைகள். எல்லோரும் லைன் வீடுகளிலிருந்து வந்தவர்கள். நான் வழக்கமாகத் தொடங்குகிற மாதிரியே தொடங்கினேன். எழுந்து நில், உட்கார், கதவைத் தொடு, மூக்கைத் தொடு. ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே நானே செய்து காட்டுவேன். திருச்சிப் பிள்ளைகள் இதற்குள் அறையைத் தலைகீழாக்கியிருப்பார்கள். இவர்கள் அசையவே இல்லை. நான் மூக்கைத் தொட்டபோது, எனக்கு மூக்கில் ஏதோ தொந்தரவு என்பதுபோலக் கவலையோடு பார்த்தார்கள்.

மூன்று நாள் இப்படியே போனது. பூனைப் படம், ஆப்பிள் படம், பந்து. ஒரு சத்தம் இல்லை. மாலையில் கடைவீதியில் பன்னும் டீயும் வாங்கிக்கொண்டு, திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தபடி நின்றேன்.

நான்காம் நாள் சோர்ந்துபோய், "சரி, உங்க அப்பா இன்னா வேலை செஞ்சாரு, சொல்லுங்க" என்று அவர்கள் பேச்சிலேயே கேட்டேன். அவ்வளவுதான், அணை உடைந்தது.

"எங்கப்பா ஷிப்டுக்குப் போவாரு டீச்சர்!"

"எங்கப்பா கேஜ்ல எறங்குவாரு!"

"எங்கப்பா லெவலுக்கு லெவல் போவாரு, ஹெல்மெட்டு போட்டுக்கினு, லேம்ப் வச்சிக்கினு."

"எங்கப்பா பிளாஸ்டிங்கு!"

நான் கையைத் தட்டி நிறுத்தினேன். "நீங்க இப்ப பேசினதெல்லாம் பாதி இங்கிலீஷ், தெரியுமா? கேஜ்னா இங்கிலீஷ். ஷிப்ட், லெவல் எல்லாம் இங்கிலீஷ்."

அனிதா முகத்தைச் சுருக்கினாள். "இல்ல டீச்சர். அது தமிழு. எங்க வூட்ல இங்கிலீஷே தெரியாது."

அன்று பாயைச் சுருட்டி வைத்தேன். தரையில் சாக்கட்டியால் பெரிய சதுரம் போட்டேன். இதுதான் கேஜ், கீழே ஆள்களை இறக்குகிற கூண்டு. நான்கு பேர் உள்ளே. ஒருவன் மணி அடிக்கிறவன். தகர டப்பாவும் கரண்டியும் அவன் கையில். மணி அடித்ததும் நான் ஆங்கிலத்தில் கேட்பேன். கூண்டு எங்கே போகிறது? கீழே போகிறது. யார் உள்ளே இருப்பது? அனிதா உள்ளே இருக்கிறாள். இருட்டாக இருக்கிறதா? ஆம், இருட்டாக இருக்கிறது. பயமா? இல்லை! அந்த 'நோ' அறைக்கு வெளியே மைதானம் வரை கேட்டது. கீழே, மேலே, உள்ளே, வெளியே, இருட்டு, வெளிச்சம், நில், போ என்று ஒரே காலையில் வந்த சொற்களை என் திருச்சி வகுப்பில் ஒரு மாதத்தில்கூடக் கொண்டுவந்ததில்லை.

ஸ்கெலட்டன் என்றால் என்ன என்றும் ஒரு பெண் கேட்டாள். எலும்புக்கூடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊர்ப்பெயர் என்று சொல்லித் தப்பித்தேன்.

அந்த வார இறுதியில், யாரும் சொல்லித் தராத ஒரு வாக்கியத்தை அனிதா தானாகச் சொன்னாள். அவள் கூண்டுக்குள் நின்றிருந்தாள். உன் அப்பா எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டேன். வேலைக்குப் போயிருக்கிறார் என்ற பதில்தான் நாங்கள் பழகியது. அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"ஃபாதர் நோ ஷிப்ட்" என்றாள். பிறகு, இன்னும் ஒன்று பாக்கி இருப்பதுபோல, "மதர் கோ காலனி."

வெளிநாட்டு மொழி சொல்லித் தருகிறவர்களுக்கு இந்த ஒரு நொடிதான் கூலி. திருத்த வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அவள் தலைமேல் கை வைத்தேன். திரும்பிப் பார்த்தால் வாசலில் பள்ளியின் தாளாளர் தனசேகர் நிற்கிறார்.

அவர் நல்ல உடை உடுத்துகிற, மெதுவாகப் பேசுகிற மனிதர். என்னை வெளியே அழைத்தார். "மேடம், மைன் மூடியாச்சு. பேரன்ட்ஸ் அத மறக்கணும்னு பாக்கறாங்க. நீங்க பசங்கள திரும்பவும் குழிக்குள்ள எறக்கறீங்க."

"பிள்ளைகளுக்குத் தெரிஞ்ச இடத்திலிருந்து தொடங்கினா சீக்கிரம் வரும் சார். இன்னிக்கி அந்தக் குழந்தை தானா ஒரு வாக்கியம் பேசியிருக்கா."

"நோ ஷிப்ட்டா? அத மேடையில சொல்ல முடியுமா?" அவர் சிரித்தார். "வெல்கம் ஸ்பீச் ஒண்ணு, பெரிய பாட்டு ஒண்ணு பழக்குங்க. நீளமா இருக்கணும். வந்து ஒக்கார்ற பேரன்ட்ஸுக்குப் புரியக்கூடாது மேடம். புரிஞ்சா அது இங்கிலீஷ்னு அவங்க நம்ப மாட்டாங்க."

கோபம் வந்தது. ஆனால் ஒரு ஊரைப் பற்றி இவ்வளவு அலட்சியமாக யார் சொன்னாலும் அது தவறாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். நான் கூண்டு விளையாட்டை நிறுத்தவில்லை. அவரும் அதன்பிறகு எதுவும் சொல்லவில்லை. அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை செல்வராஜ் என்னையும் அனிதாவையும் நந்திதுர்க் சுரங்கத்துப் பக்கம் கூட்டிப்போனார். வழியில் ஆட்டோவின் டயர் பஞ்சரானதால் பாதி தூரம் நடை. சுரங்கத்தின் பெரிய இரும்புக் கோபுரம், அதன் உச்சியில் சுற்றாத சக்கரங்கள், பூட்டிய வாசல். வாசலுக்கு எதிரே மரத்தடியில் இஸ்திரி போட்ட சட்டையோடு ஆண்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். "எதுக்கும் இல்ல. வூட்ல இருக்க முடியல, வந்துடறாங்க" என்றார் செல்வராஜ். அவர்களில் ஒருவர் அனிதாவிடம், "இன்னா பாப்பா, இங்கிலீஷ் கத்துக்கினியாமே, ஒண்ணு பேசு" என்றார். அவள் கோபுரத்தைக் காட்டி, கூண்டு கீழே போகிறது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அந்த மனிதருக்கு அது புரிந்தது. புரிந்ததும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். தனசேகர் சொன்னதில் ஒரு பங்கு உண்மை இருக்கிறதோ என்று அங்கேதான் முதல்முறையாகத் தோன்றியது.

இரண்டாவது வாரம் வேகமாக ஓடியது. சீனிவாசபுரத்து மாம்பழம் தெருவில் மலிந்து கிடந்தது. பிள்ளைகள் எனக்குத் தினமும் ஒன்று கொண்டுவந்தார்கள். நான் அதை எடுத்து, யாருடையது, எங்கே இருக்கிறது, பழுத்ததா காயா என்று கேட்பேன். அவர்கள் சொல்வார்கள். பிறகு எல்லோரும் தின்போம். இப்போது அவர்களைப் பேசாமல் இருக்க வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

நிகழ்ச்சி நாள் வந்தது. மைதானத்தில் ஷாமியானா, ஒலிபெருக்கி. லைன் வீடுகளிலிருந்து மட்டுமல்ல, சுற்றுக் கிராமங்களிலிருந்தும் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற குடும்பங்கள் டெம்போவில் வந்து இறங்கியிருந்தன. செல்வராஜும் அன்று லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். என் பிள்ளைகள் தலையில் எண்ணெய் வழிய, பவுடர் பூசிய முகத்தோடு நின்றார்கள்.

மேடைக்குப் பின்னால் இருந்த அறைக்குப் போனேன். அங்கே புதுச் சீருடையில், பளபளக்கும் ஷூவோடு, நான் பார்த்தே இராத எட்டுக் குழந்தைகள் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் இருந்த சிவப்பு ரிப்பன் கட்டிய பெண்ணிடம் ஆங்கிலத்தில் பெயர் கேட்டேன். தண்ணீர் ஓடுகிற மாதிரி பதில் வந்தது. பெயர், வயது, படிக்கிற வேறு பள்ளி, காலையில் ஒரு அங்கிள் வேன் அனுப்பிக் கூட்டிவந்தது, முடிந்ததும் ஐஸ்கிரீம் தருவதாகச் சொன்னது எல்லாமே.

தனசேகரைத் தேடிப் பிடித்தேன். அவர் பதறவே இல்லை.

"ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணுங்க மேடம். இவங்க முன்னாடி நிப்பாங்க. உங்க பசங்க பின்வரிசை. வாய மட்டும் அசைக்கச் சொல்லியிருக்கேன்."

"இது ஏமாத்து வேலை."

"அட்மிஷன் வரலன்னா இந்த ஸ்கூலே இருக்காது. அப்ப உங்க பசங்க எங்க போவாங்க? சொல்லுங்க."

பதில் சொல்வதற்குள் ஒலிபெருக்கியில் அவர் பெயரை அழைத்தார்கள்.

திரை விலகியது. முன்வரிசை எட்டுப் பேரும் வரவேற்புரை சொன்னார்கள், நீளமான பாட்டு ஒன்றைச் சைகையோடு பாடினார்கள். ஒரு தடுமாற்றம் இல்லை. பின்வரிசையில் என் பிள்ளைகள் சத்தமில்லாமல் வாயைத் திறந்து மூடினார்கள். அனிதாவுக்கு அதுகூட ஒழுங்காக வரவில்லை. பாட்டு நின்ற பிறகும் அவள் வாய் அசைந்துகொண்டிருந்தது. "இரண்டே வாரம்!" என்று தனசேகர் மூன்று மொழிகளிலும் சொன்னார். கூட்டம் கை தட்டியது.

நான் எப்படி மேடை ஏறினேன் என்று நினைவில்லை. ஒலிவாங்கியைப் பிடித்திருந்தேன். கூட்டத்துக்குப் புரிய வேண்டும் என்பதற்காகத் தமிழில், முடிந்தவரை எளிமையாகச் சொன்னேன். முன்னால் நிற்கிற பிள்ளைகள் இந்தப் பள்ளியில் படிப்பவர்கள் இல்லை. வேறு இடத்திலிருந்து கூட்டி வந்தவர்கள். இரண்டு வாரத்தில் யாருக்கும் இப்படிப் பேச வராது. பின்னால் நிற்பவர்கள்தான் உங்கள் பிள்ளைகள். அவர்களுக்குக் கொஞ்சம் வரும். அந்தக் கொஞ்சம் உண்மையானது. அவர்களைப் பேசச் சொல்லிக் கேளுங்கள்.

தனசேகர் புன்னகையோடு வந்து ஒலிவாங்கியை என் கையிலிருந்து மெல்ல வாங்கினார். ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினார். நான் சொன்ன எதையும் அவர் மறுக்கவில்லை. என் உழைப்புக்கு நன்றி என்றார். விடைபெறுவது எப்போதும் கடினமானது என்றார். எதிர்காலம், உலகம், கனவு என்றார். நல்ல ஆங்கிலம்தான். முடித்ததும் முன்பைவிடப் பலமாகக் கை தட்டினார்கள்.

நான் இறங்கி வந்தபோது கூட்டத்தின் முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, தன் பாட்டிலில் இருந்த தண்ணீரை என்னிடம் நீட்டினாள். கோபமில்லை அவள் முகத்தில். இரக்கம் இருந்தது. இரக்கம் எதற்கு என்று புரியாமல் வாங்கிக் குடித்தேன். அதற்குள் அலுவலக மேசை முன்னால் சேர்க்கைக்கு வரிசை நீண்டிருந்தது. அந்த வரிசையில் கஸ்தூரியும் நின்றிருந்தாள்.

மாலையில் அவள் சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது கேட்டேன். "நான் சொன்னத நீங்களும் நம்பலையா?"

"நம்பறதுக்கு இன்னா டீச்சர் இருக்குது. நீங்க சொல்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். செவப்பு ரிப்பன் கட்டிக்கினு மொதல்ல பேசுச்சே ஒரு பொண்ணு, அதுக்குத் தெனமும் நாந்தான் ஜடை போடறன். காலனியில நான் வேல செய்யற வூட்டுப் பொண்ணு அது."

"தெரிஞ்சுமா சேர்த்தீங்க?"

அவள் கீரைக் கட்டைக் கீழே வைத்தாள். "அந்தப் பொண்ணு அவங்க அம்மாகிட்ட இங்கிலீஷ்ல இன்னாவோ சொல்லும். ரெண்டு பேரும் சிரிப்பாங்க. நான் அங்கயேதான் தொடப்பத்த வச்சிக்கினு நிப்பன். என்னப் பத்தியா, வேற எதப் பத்தியான்னு தெரியாது." கையை முந்தானையில் துடைத்தாள். "எம் பொண்ணு நாளைக்கு அதுமாரி பேசிட்டு என்னயப் பாத்தே சிரிச்சாலும் பரவால்ல டீச்சர். அந்தப் பக்கம் நின்னா போதும்."

"அந்த ஸ்கூல்ல அது கிடைக்காது கஸ்தூரி."

"நீங்க இருந்தா கெடைக்கும். இருப்பீங்களா?"

திருச்சியில் எனக்கு வேலை இருந்தது, வீடு இருந்தது. தனசேகர் இனி என்னை வாசலுக்குள் விடமாட்டார் என்பதும் உண்மை. ஆனால் நான் அதைச் சொல்லும்வரை அவள் காத்திருக்கவில்லை. கீரையை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் போய்விட்டாள்.

மறுநாள் காலை செல்வராஜ் வேலைக்குப் போகிற அதே ரயிலில் நானும் கிளம்பினேன். அனிதா தூங்கிக்கொண்டிருந்தாள், எழுப்ப வேண்டாம் என்றேன். அந்த ரயிலை எங்கள் ஊர் ரயிலோடு ஒப்பிடவே முடியாது. எங்கள் ஊரில் ரயிலில் உட்காருவார்கள். இங்கே ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, நின்றபடியே ஊர் முழுக்கத் தூங்குகிறது. பெட்டி முழுவதும் டிபன் பாக்ஸ் வாசனை. யாரோ ஒருவர் எனக்கு இருக்கையின் ஓரத்தைக் கொடுத்தார். கதவருகே ஒருவரின் செருப்பு கீழே விழுந்தது. அதைப் பற்றி அவரும் கவலைப்படவில்லை, மற்றவர்களும் பேசவில்லை.

செல்வராஜ் மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு என் எதிரே நின்றார். நேற்றைய நிகழ்ச்சி பற்றி அவர் அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. பங்காருபேட்டை தாண்டிய பிறகு குனிந்து, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி சொன்னார்.

"டீச்சர், நேத்து நீங்க மைக்குல பேசினீங்களே, தப்பா நெனைக்காதீங்க. அத நீங்க இங்கிலீஷ்ல பேசியிருக்கணும்."

"இங்கிலீஷ்ல பேசியிருந்தா யாருக்குப் புரிஞ்சிருக்கும்?"

"புரிஞ்சிருக்காது. ஆனா கேட்டிருப்பாங்க." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்குப் பின்னாடி ஒக்காந்துக்கினு இருந்தவங்க இன்னா பேசிக்கினாங்க தெரியுமா? இவங்கதான் அந்த ஸ்கூல் தமிழ் டீச்சர் போலகீது. இங்கிலீஷ் வந்துட்டா வேல போயிடும்னு பாவம் கத்துதுன்னாங்க. வேல போறதுன்னா இன்னான்னு எல்லாருக்கும் தெரியும் இல்ல? அதான் ஒருத்தர்கூட உங்கள ஒண்ணும் சொல்லல."